சொல் விளக்கம்: சிறுவர் உழைப்பு

'சைல்ட் லேபர்' என்னும் ஆங்கிலத் தொடருக்கு ஈடாக இலங்கையில் 'சிறுவர் தொழிலாளர்', 'சிறுவர் ஊழியம்' என்பனவும் தமிழ்நாட்டில் 'குழந்தைத் தொழிலாளர்' என்பதும் வழங்குகின்றன. இத்தொடரிலுள்ள 'லேபர்' கடும்பாடு, துன்பம் ஆகிய பொருள்களைக் கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பிரித்தானியாவில் ஆலைகளும் சுரங்கங்களும் பிள்ளைகளை விழுங்கத் தொடங்கிய பின்னரே பிள்ளைகளை வேலைவாங்கும் நடைமுறை சட்டத்தின் கவனத்துக்கு வந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான நெசவாலைகளில் 9 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. தாழ்ந்த சுரங்க வழிகளில் பிள்ளைகள் தவழ்ந்தபடி நிலக்கரி வண்டி இழுத்த கொடுமை வெளிவந்ததும், 1842இல் பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் வேலைசெய்வது தடுக்கப்பட்டது.

பிள்ளை செய்யும் எல்லா வேலையையும் இத்தொடர் குறிப்பதில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வெள்ளாமை வெட்டு எனப்படும் நெல் அறுவடைக் காலத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை வயலில் நிற்கும் தகப்பனுக்குத் தேநீர் கொண்டுபோவது குடும்பப் பழக்கம். அதே பிள்ளையைப் படிப்பை நிறுத்திக் கொழும்பில் ஒரு வீட்டில் 'வேலைக்கு விடுவது', ஊரார் அதை எவ்வளவு இயல்பாகச் சொன்னாலும், இத்தொடர் சுட்டும் கொடுமையே ஆகும். கல்வி, உடல்நலம், வளர்ச்சி ஆகியவற்றைக் கெடுக்கும் வேலை என்பதே இதன் அளவுகோல். இலங்கையில் வேலைக்கமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 1999ஆம் ஆண்டு 182ஆம் இலக்கச் சமவாயம், ஆயுத மோதலுக்காகப் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்ப்பதையும் இக்கொடுமையின் மிக மோசமான வடிவங்களுள் ஒன்றாக வைக்கிறது. போர்க்காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

இனி, தமிழ்ச்சொல். 'தொழிலாளர்' ஆளைக் குறிப்பது, நடைமுறையைக் குறிக்காது. 'சிறுவர் தொழிலாளரை ஒழிப்போம்' என்று எழுதும்போது ஒழிக்கப்பட வேண்டியது பிள்ளையே என்றாகிவிடுகிறது. மேலும் அச்சொல்லோடு கூலி, விடுமுறை, சங்கம் என்னும் உரிமைகளும் சேர்ந்து வருகின்றன; பிள்ளைக்கோ அவற்றுள் ஒன்றும் இல்லை. 'ஊழியம்' ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் கட்டாய வேலையைக் குறித்ததாயினும், இன்று மட்டக்களப்புக் கிறிஸ்தவர்களிடையே இறைபணிக்குரிய சொல்லாக இருப்பதால் இங்கே பொருந்தாது. பழந்தமிழில் 'உழத்தல்' முயல்வதையும் வருந்துவதையும் ஒருங்கே குறித்தது. அதற்கு நெருங்கிய 'உழைப்பு' இலத்தீன் மூலத்தின் பொருளோடு நன்கு இணைகிறது.

ஆகவே நடைமுறைக்குச் 'சிறுவர் உழைப்பு' என்றும், அதில் சிக்கிய பிள்ளையைக் குறிக்க மட்டும் 'சிறுவர் தொழிலாளர்' என்றும் எழுதுவது தகும். 'சிறுவர்' என்றதும் ஆண்பிள்ளைகளையே நினைப்போர் உண்டு. வீட்டுவேலைக்கு அனுப்பப்படும் பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதும் இடங்களில் 'சிறுமியர்' என்று வெளிப்படையாகவே குறிப்பிட வேண்டும்.