அரசிதழில் வந்த விதியை எம்.பி. எதிர்க்கும் வழி

கட்டணம் எவ்வளவு, கெடு எத்தனை நாள், எந்தப் படிவம் என்பதையெல்லாம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அமைச்சகம் எழுதி அரசிதழில் வெளியிடும் விதிகளில்தான் அவை இருக்கும். பெரும்பாலான விதிகள் எந்த வாக்கெடுப்பும் இல்லாமலேயே நடைமுறைக்கு வந்துவிடுகின்றன.

ஆனால் விதி எழுதும் அதிகாரத்தை அமைச்சகத்துக்குத் தரும் பல மூலச் சட்டங்களின் கடைசிப் பகுதியில் ஒரு பிரிவு உண்டு. விதியை இரு அவைகளின் மேசையிலும், அதாவது உறுப்பினர்களின் பார்வைக்கு முறைப்படி, மொத்தம் 30 நாள் வைக்க வேண்டும். கூட்டத்தொடர் நடக்கும் காலம் மட்டுமே கணக்கு. ஒரு தொடரில் நிறையாவிட்டால் அடுத்ததிலும் எண்ணிக்கை தொடரும். 30 நாள் நிறைந்த தொடருக்கு அடுத்த தொடர் முடிவதற்குள் இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் விதியைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். ஓர் அவை மட்டும் நிறைவேற்றினால் விதி அப்படியே நிற்கும். ரத்தானாலும், அதுவரை அந்த விதிப்படி செய்தவை செல்லும். எனவே ஒவ்வொரு மாதத் தாமதமும் மக்களுக்கு நட்டம்.

இதற்கு எம்.பி. தீர்மான அறிவிப்பு கொடுக்க வேண்டும். திருத்தம் கேட்டால் எந்த உட்பிரிவில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்பதைத் துல்லியமாக எழுதுவது அவசியம். பலமுறை சறுக்குவது இரண்டு இடங்களில்: அமைச்சகம் விதியைத் தாமதமாக மேசையில் வைப்பது, வைத்த பின்னும் யாரும் கவனிக்காமல் கெடு கடந்துவிடுவது.

2011 ஏப்ரலில் வந்த இணைய இடைநிலையாளர் (பிறரின் பதிவுகளைத் தாங்கும் தளங்கள், சேவைகள்) விதிகளை ரத்து செய்யக் கோரி மாநிலங்களவை உறுப்பினர் பி. ராஜீவ் கொண்டுவந்த தீர்மானம் 2012 மே 17 அன்று விவாதத்துக்கு வந்தது. பதிவு குறித்துப் புகார் வந்தால் அதை நீக்க 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்கச் சொன்ன பிரிவுதான் முக்கியச் சிக்கல். தீர்மானம் தோற்றது. ஆனாலும் எல்லாத் தரப்பையும் கலந்து பேசுவதாக அமைச்சர் கபில் சிபல் அவையிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. அப்படித் தரும் வாக்குறுதிகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்கத் தனிக் குழுவே இருக்கிறது. தோற்கும் தீர்மானத்துக்கும் பயன் உண்டு என்று நாங்கள் சொல்வது இதனால்தான். அந்த 36 மணி நேரப் பிரிவின் வீச்சை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் சுருக்கியது.

வாக்கெடுப்பு வேண்டாத வழியும் உண்டு. இரு அவைகளிலும் இத்தகைய விதிகளை ஆராய 15 பேர் கொண்ட சார்நிலைச் சட்டக் குழுக்கள் இயங்குகின்றன. விதி மூலச் சட்டத்தை மீறுகிறதா, அனுமதியின்றி வரி விதிக்கிறதா, முன்தேதியிட்டுச் செல்லுபடியாகிறதா என்று அவை பார்க்கும். ரத்து செய்யும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை, பரிந்துரைக்கலாம்.

உங்கள் எம்.பி.யிடம் முறையிடப் போகிறீர்களா? அரசிதழ் எண், வெளியான தேதி, விதியின் உட்பிரிவு, மேசையில் வைத்த நாள் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள்.