எண்ணத் தெரிந்தவர்களும் வாசிக்க முடியாத தாளும்: குவாத்தமாலாவின் மாயா நெசவுப் பெண்கள்

குவாத்தமாலாவின் மேற்கு மலைப்பகுதியில் மாயா பெண்கள் நெய்யும் தறிக்கு நம் குழித்தறியைப் போலச் சட்டமோ மிதியோ கிடையாது. பாவின், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களின், ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறுமுனையை இடுப்பைச் சுற்றிய வாரில் பூட்டி, உடலைப் பின்னுக்குச் சாய்த்தே நூலை விறைப்பாக வைத்துக்கொள்கிறார்கள். மிதித்தறி அங்கு ஸ்பானியர்களோடு வந்து பெரும்பாலும் ஆண்களின் கைக்குப் போயிற்று. இடுப்புத்தறி பெண்களிடமே நிலைத்தது. பறவையும் சோளக்கதிரும் வைரக்கட்டமுமாகத் துணியில் எழும் உருவங்களுக்கு வரைதாள் இல்லை. எத்தனை பாவிழைகளைத் தூக்கி எங்கே வண்ண ஊடையை (குறுக்கு நூலை) செருக வேண்டும் என்ற கணக்கு முழுவதும் நெய்பவரின் நினைவில் இருக்கிறது. வீட்டு வேலைகளுக்கு இடையே நெய்தால், ஹுய்பில் எனப்படும் மேலாடை ஒன்று முடியப் பல மாதங்கள் ஆகும். இத்தனை நுணுக்கமாக எண்ணத் தெரிந்தவர்களில் பலர் அரசுப் பதிவேட்டில் எழுத்தறிவற்றோர் என்றே இடம்பெறுகிறார்கள்.

கைவினைக் குழுக்களுக்குக் கணக்கும் கொள்முதல் நடைமுறையும் கற்பிப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: எழுத்தறிவு இல்லாமல் சந்தையை மட்டும் திறந்துவிட்டால், பழைய இடைத்தரகரின் இடத்தில் புதிய இடைத்தரகர் வந்து அமர்வார், அவ்வளவுதான் நடக்கும்.

இந்நிலைக்கு வரலாறு உண்டு. நாட்டில் 22 மாயா மொழிகள் வழங்கினாலும், பள்ளியும் நீதிமன்றமும் வங்கியும் நெடுங்காலம் ஸ்பானிய மொழியிலேயே இயங்கின. 1960இல் தொடங்கி 1996 டிசம்பர் அமைதி உடன்படிக்கை வரை நீடித்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என்றும், அடையாளம் காணப்பட்டோரில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள் என்றும் போர்க்கால உரிமை மீறல்களை விசாரித்த உண்மை ஆணையம் 1999இல் அறிவித்தது. கணவரை இழந்த பெண்களுக்குக் கைவசம் எஞ்சியிருந்த தொழில் தறி. 1988இல் போர் விதவைகள் கொனாவிகுவா என்ற அமைப்பாகத் திரண்டனர். அதே ஆண்டில் கெட்சால்தெனாங்கோ நகரில் த்ராமா டெக்ஸ்டைல்ஸ் என்ற நெசவுப் பெண்களின் கூட்டமைப்பும் உருவானது.

சங்கம் அமைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். சட்டப்படி கூட்டுறவுச் சங்கத்துக்குக் குறைந்தது 20 உறுப்பினர் வேண்டும். நிர்வாகக் குழு, தீர்மானப் புத்தகம், கணக்குப் பதிவு ஆகியவையும் வேண்டும். இருபது பேரில் இருவருக்கு மட்டுமே ஸ்பானிய மொழி வாசிக்க வருமானால், யார் செயலாளர், யார் பொருளாளர் என்பது தேர்தலுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கொள்முதல் ஆணையில், அதாவது வாங்குபவர் தரும் ஆர்டரில், என்ன நிறம், என்ன அளவு, எந்த நாள், குறை இருந்தால் எவ்வளவு பிடித்தம், அனுப்புச் செலவு யாருடையது என்பதையெல்லாம் அறிந்தவர்கள் அந்த இருவரே. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், பெரும்பாலும் நல்லவர்கள்தான். ஆனால் மற்றவர்கள் அவர்களைச் சரிபார்க்க இயலாத நிலையில் சந்தேகம் முளைக்கிறது, சங்கம் பிளக்கிறது. ஆகவே ஆணை எதுவானாலும், தாய்மொழியில் விளக்கியபடி முழுக்கூட்டத்தில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ இடவேண்டும் என்பதை முதல் விதியாக வைக்கச் சொல்கிறேன்.

எழுத்தைவிட விலைக் கணக்கை முன்னால் வைப்பது என் வழக்கம். பனஹச்செல், அந்திகுவா போன்ற சுற்றுலா ஊர்களின் வியாபாரியிடம் துணியை நீட்டும்போது, நூல் வாங்கிய விலைக்குச் சற்று மேலே கிடைத்தாலே லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். தங்கள் உழைப்பு நேரத்துக்கு அவர்கள் விலை போடுவதே இல்லை. தறியில் அமரும் ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் கோடு கிழிக்கச் சொல்கிறோம், நீண்ட நேரத்துக்கு நீண்ட கோடு, குறைந்த நேரத்துக்குக் குறுகிய கோடு. துணி முடிந்ததும் கோடுகளை மணிக்கணக்காக மாற்றி, நூல், சாயம், பேருந்துக் கட்டணம், சங்கத்தின் பங்கு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வியாபாரி கொடுத்த தொகையில் ஒரு மணிநேர உழைப்புக்கு என்ன மிஞ்சியது என்பது தெரிகிறது. அந்தக் கணக்கைப் போட்டு முடித்த பிறகு, எழுதப் பழகுவது எதற்கு என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை.

கிச்சே, கக்சிகேல், சுதுஹில், மாம் முதலிய மாயா மொழிகளுக்கு 1987 முதல் ஒருங்கிணைந்த அதிகாரபூர்வ எழுத்துமுறை இருக்கிறது. மாயா மொழிகளுக்கான கழகம் 1990இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. எனவே தாய்மொழியில் எழுத்தைத் தொடங்கி, ஆணைத்தாளிலும் வங்கிச் சீட்டிலும் வரும் ஸ்பானியச் சொற்களுக்கு அதன்பின் நகர்வதில் தடையில்லை. தடையெல்லாம் நேரத்தில்தான். காப்பி அறுவடை மாதங்களில் குடும்பங்கள் தோட்ட வேலைக்குப் போய்விடும் ஊர்களில் அப்போது வகுப்பு வைத்துப் பயனில்லை. மற்ற மாதங்களிலும், குழந்தையோடும் தறியோடும் வந்து அமர அனுமதிக்கும் பிற்பகல் வகுப்பே நிலைக்கிறது.

சுற்றுலாவை மட்டும் நம்பிய விற்பனை எவ்வளவு வலுவற்றது என்பது பெருந்தொற்றின்போது தெரிந்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தலைநகர விமான நிலையம் பயணிகளுக்குச் செப்டம்பரில்தான் திறந்தது. அதித்லான் ஏரிக்கரையில் சான் ஹுவான் லா லகுனாவில், செடிகொடிகளிலிருந்து சாயம் எடுத்து நெய்யும் சங்கங்களின் கடைகள் ஏரியைப் பார்க்க வருவோரை நம்பியவை. வெளிநாட்டு ஆணைகள் இந்த அடியைத் தாங்க உதவும்; ஆனால் அவை தொலைபேசியில் குரல்செய்தியாக மட்டும் வந்தால் போதாது. தகராறு என்று வந்தால் நிற்பது எழுத்தில் இருப்பது மட்டுமே. தவிர, அங்கே பற்றுச்சீட்டு இப்போது மின்னணு முறையில் வழங்கப்படுவதால், அதை இயக்கத் தெரிந்த உறுப்பினர் இல்லாத சங்கம் விடுதிகளுக்கும் பெரிய கடைகளுக்கும் நேரடியாக விற்க முடியாமல் போகிறது.

உருவங்களின் உரிமை தனி வழக்கு. ஹுய்பில் வடிவங்களை இயந்திரத்தில் அச்சிட்ட மலிவுத் துணிகள் சந்தையை நிரப்பியபோது, சகதெபெகெஸ் வட்டாரத்தின் அஃபெதெஸ் அமைப்பைச் சேர்ந்த பெண்கள் 2016இல் அரசியல் சாசன நீதிமன்றத்தை நாடினர். மறு ஆண்டு நீதிமன்றம் இதற்குரிய சட்டத்தை இயற்றுமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. தனி ஒருவரின் கண்டுபிடிப்புக்கென எழுதப்பட்ட காப்புரிமைச் சட்டத்துக்குள், ஓர் ஊரே தலைமுறையாகக் காத்த வடிவம் அடங்காது என்பது அவர்களின் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இச்சங்கங்களிடம் கொள்முதல் செய்ய விரும்புவோர், கேட்கப்பட்டால் பாதித் தொகையை வட்டியில்லா முன்பணமாகத் தர வேண்டும். உலக நியாய வணிக அமைப்பின் நெறிமுறை கைவினைப் பொருள்களுக்குச் சொல்வதும் அதுவே. முன்பணம் இல்லாவிட்டால் நூல் கடனுக்கு வாங்கப்படும், கடன் கொடுத்தவரே துணிக்கு விலை வைப்பார். ஆணையைப் படத்தோடும் எளிய ஸ்பானிய மொழியிலும் எழுதுங்கள். நெசவு தொடங்கிய பின் அளவை மாற்றாதீர்கள். எழுத்தறிவு வகுப்பின் ஆசிரியர் ஊதியத்தை நன்கொடையாகத் தனியே கொடுப்பதைவிடத் துணியின் விலைக்குள் ஒரு செலவினமாகச் சேர்ப்பதே மேல்; நன்கொடை ஓராண்டில் நின்றுபோகலாம், விலைக்குள் சேர்ந்த தொகையோ ஒவ்வொரு விற்பனையோடும் சங்கத்துக்கு வந்துகொண்டிருக்கும்.