சேமி பொத்தானை அழுத்திய பிறகு: கைபேசிச் செயலியில் ஒத்திசைவற்ற தரவுத்தள அழைப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன், களப்பணியாளர்கள் ஆய்வுப் படிவங்களை நிரப்பிப் படங்களுடன் சேமிக்கும் ஓர் ஆண்ட்ராய்டு செயலியை எங்கள் குழு பராமரித்து வந்தது. "சேமித்தேன், ஆனால் பட்டியலில் இல்லை" என்று வாரத்துக்கு ஓரிரு புகார்கள் வரும். செயலி முடங்கியதாக எந்த அறிக்கையும் இல்லை, பதிவேட்டில் பிழைச்செய்தி இல்லை, எங்கள் மேசையில் எத்தனை முறை முயன்றாலும் அந்தக் கோளாறு தலைகாட்டவும் இல்லை. பணியாளர் பொத்தானை அழுத்த மறந்திருப்பார் என்று நாங்களே முடிவுகட்டி, பல வாரங்கள் அதையே அவர்களுக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருவர் தம் வேலையை எங்கள் கண்முன் செய்துகாட்டியபோதுதான் அந்தப் பதில் எவ்வளவு தவறானது என்பது புரிந்தது. அவர் சேமி பொத்தானை அழுத்திய கையோடு பின்செல்லும் பொத்தானையும் அழுத்திவிட்டு அடுத்த படிவத்துக்குப் போனார். நாளுக்குப் பல படிவங்களை நிரப்புகிறவர் வேறு எப்படிச் செய்வார்?

எங்கள் நிரலில் முதலில் படம் சுருக்கப்படும், பிறகு தரவுத்தளத்தில் அந்தப் படிவத்துக்குரிய வரி எழுதப்படும். இரண்டும் பின்னணியில் ஒழுங்காகவே நடந்தன. ஆனால் அந்தப் பணி முழுவதும் திரையின் வியூமாடலோடு, அதாவது அந்தத் திரையின் தரவை வைத்திருக்கும் பொருளோடு, பிணைக்கப்பட்டிருந்தது. திரை மூடப்பட்டதும் வியூமாடல் அழிந்தது, அதோடு அதன் கோரூட்டீனும், அதாவது பின்னணியில் ஓடிய பணியும், ரத்தானது. படம் சுருங்கி முடிவதற்குள் பின்செல்லும் பொத்தான் அழுத்தப்பட்டால், எழுதும் படிக்கு நிரல் வந்துசேரவே இல்லை. செயலியை எழுதிய கோட்லின் மொழியின் கோரூட்டீன்களில் ரத்து என்பது பிழையாகக் கருதப்படுவதில்லை என்பதால், எங்கும் ஒரு தடயமும் மிஞ்சவில்லை. புதிய, வேகமான எங்கள் கைபேசிகளில் படம் சுருங்கும் நேரம் மிகக் குறைவு, ஆகவே எங்களுக்கு அது ஒருபோதும் நேரவில்லை.

தரவுத்தள அழைப்பை ஒத்திசைவற்றதாக, அதாவது அது முடியக் காத்திராமல், பின்னணிக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் அங்கே காத்திருப்பு மட்டுமே இடம் மாறுகிறது. எந்த அழைப்பு முதலில் முடியும், திரை போன பிறகு அந்த வேலை யாருக்குச் சொந்தம், தோல்வி யாருக்குத் தெரியும் என்ற கேள்விகளுக்கு நிரலாளர்தான் விடை எழுதியாக வேண்டும்.

பின்னணிக்கு அனுப்புவது ஏன் தேவை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையை வரைவதும் தொடுதலுக்கு மறுமொழி தருவதும் முதன்மை இழை என்னும் ஒரே செயலோட்டத்தில் நடக்கின்றன. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டகத்தை, அதாவது திரையை ஒரு முறை, வரையக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லிநொடி, 120 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஏறத்தாழ 8 மில்லிநொடி. முதன்மை இழை சிக்கிக்கொண்டு, தொடுதலுக்கு 5 நொடிகளுக்குள் மறுமொழி கிடைக்காவிட்டால், செயலி இயங்கவில்லை என்ற அறிவிப்பை ஆண்ட்ராய்டு காட்டும். தரவுத்தளத்திலிருந்து படிக்கும் வினவல் (தரவு கேட்கும் கட்டளை) பெரும்பாலும் விரைவாக முடிந்துவிடும். எழுதுவது அப்படியல்ல, ஏனெனில் பரிவர்த்தனையை (ஒன்றாகவே நிறைவேறும் அல்லது ஒன்றாகவே கைவிடப்படும் கட்டளைத் தொகுதியை) உறுதிசெய்யும் கட்டத்தில் தரவு சேமிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற உத்தரவாதத்துக்காகத் தரவுத்தளம் காத்திருக்கக்கூடும். பழைய கைபேசியில், சேமிப்பகம் நிரம்பும் தறுவாயில் இருந்தால், அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆண்ட்ராய்டில் தரவுத்தளத்தைக் கையாள உதவும் ரூம் நூலகம், முதன்மை இழையிலிருந்து வரும் வினவலை இயல்பாகவே மறுத்துப் பிழை எழுப்புவது இதனால்தான். அந்த மறுப்பை நீக்கும் அமைப்பு ஒன்றும் அதில் உண்டு. அவசரத்துக்கு அதைத் திறந்துவிட்டு, அப்படியே வெளியிட்ட செயலிகளைப் பார்த்திருக்கிறேன். சோதனை நிரலுக்கு வெளியே அது தேவைப்படும் சூழல் எதையும் நான் கண்டதில்லை.

வரிசை பற்றிய கேள்விக்கு வருகிறேன். பின்னணிப் பணிகளுக்கான ஆண்ட்ராய்டின் பழைய அசிங்க்டாஸ்க் வகுப்பின் வரலாறே இதற்கு நல்ல பாடம். தொடக்கத்தில் அது பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இழையில் செய்தது. ஆண்ட்ராய்டு 1.6 பதிப்பில் பல இழைகளில் இணையாகச் செய்யும்படி மாற்றப்பட்டது. இணைச் செயல்பாட்டால் செயலிகளில் எழுந்த கோளாறுகளைத் தவிர்க்க, 3.0 பதிப்பில் மீண்டும் ஒரே இழைக்குத் திரும்பியது. 2020இல் ஆண்ட்ராய்டு 11 வந்தபோது அந்த வகுப்பே கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. நிரல் எழுதியவர் தம்மை அறியாமல் வரிசையை நம்பியிருந்தார், அந்த வரிசையோ எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. இன்றைய கோரூட்டீன்களிலும் இதே தவறு வேறு வடிவில் நடக்கிறது.

தேடல் பெட்டி இதற்கு எளிய எடுத்துக்காட்டு. பயனர் இரண்டு எழுத்துத் தட்டியதும் ஒரு வினவல் புறப்படுகிறது, ஐந்தாவது எழுத்தில் இன்னொன்று புறப்படுகிறது. இரண்டெழுத்து வினவலுக்குப் பொருந்தும் வரிகள் மிகுதி என்பதால் அது பிந்தி முடிந்து, சரியான விடையின் மேல் பழைய விடையை எழுதிவிடும். பெட்டியில் இருக்கும் சொல் ஒன்று, கீழே இருக்கும் பட்டியல் வேறொன்று. புதிய வினவல் புறப்படும்போது பழையதை ரத்து செய்ய வேண்டும், அது இயலாத இடத்தில் ஒவ்வொரு வினவலுக்கும் வரிசை எண் கொடுத்து, கடைசி எண்ணுக்குரிய விடையை மட்டும் திரை ஏற்க வேண்டும். படிக்கும் வேலையில் ரத்து நமக்கு நண்பன். எழுதும் வேலையில் அதே ரத்துதான் எங்கள் படிவங்களை விழுங்கியது. இந்த வேறுபாட்டை நிரலின் அமைப்பிலேயே காட்டிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எழுதும்போது வரிசை தவறினால் விளைவு இன்னும் கடுமையாகும். இருப்பு எண்ணிக்கையைப் படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதும் நிரலை எண்ணிப் பாருங்கள். பயனர் கூட்டல் பொத்தானை அடுத்தடுத்து இருமுறை தொடுகிறார். இரண்டு அழைப்புகளும் 5 என்று படிக்கின்றன, இரண்டும் 6 என்று எழுதுகின்றன, 7 ஆக வேண்டியது 6ஆகவே நின்றுவிடுகிறது. கூட்டலைத் தரவுத்தளத்திடமே விட்டு, ஒரே புதுப்பிப்புக் கட்டளையாக எழுதுவதுதான் இதற்கு மிகத் தூய தீர்வு. அது போதாத இடத்தில் படிப்பதும் எழுதுவதும் ஒரே பரிவர்த்தனைக்குள் வர வேண்டும். ஆனால் கைபேசிச் செயலிகள் பரவலாகப் பயன்படுத்தும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சாதாரணமாகத் தொடங்கும் பரிவர்த்தனை முதலில் படிக்கும் உரிமையை மட்டுமே எடுக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. இது படித்த பிறகு, வேறொரு இணைப்பு இடையில் புகுந்து எழுதிவிட்டால், மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முன்னெழுத்துப் பதிவு முறையில் இதனுடைய எழுதும் முயற்சி உடனே மறுக்கப்படும். காத்திருப்பு நேரத்தை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை, ஏனெனில் இது படித்த நிலவரமே பழையதாகிவிட்டது. எழுதப்போகிறோம் என்று முன்பே தெரிந்தால், எழுதும் உரிமையைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறும் வகைப் பரிவர்த்தனையைப் பயன்படுத்த வேண்டும்.

இழைகளைக் கூட்டினால் எழுதுவது விரைவாகும் என்பதும் பரவலான தவறான எண்ணம். 2010இல் எஸ்கியூலைட்டின் 3.7.0 பதிப்போடு வந்த முன்னெழுத்துப் பதிவு முறை, படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் தடுக்காமல் இயங்க வழிசெய்தது உண்மை. ஆனாலும் ஒரு தரவுத்தளக் கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பத்து இழைகள் எழுத வந்தால் ஒன்பது வாசலில் நிற்கும். ஆயிரம் வரிகளைச் சேர்க்க வேண்டுமானால் அவற்றை ஒரே பரிவர்த்தனையில் சேர்ப்பதுதான் உண்மையான விரைவைத் தரும், ஏனெனில் உறுதிசெய்யும் செலவு ஆயிரம் முறைக்குப் பதில் ஒரே முறை வருகிறது. அதே சமயம், பரிவர்த்தனையைத் திறந்து வைத்துக்கொண்டு இணையச் சேவையகத்தின் மறுமொழிக்காகக் காத்திருப்பது பெரும் பிழை. அந்தக் காத்திருப்பு முழுவதும் மற்ற எழுதும் வேலைகள் நின்றுபோகின்றன. ஐஓஎஸ் இயங்குதளத்திலோ, பகிர்வுக் கொள்கலனில் (பல செயலிகள் பகிரும் சேமிப்பிடத்தில்) உள்ள தரவுத்தளத்தின் பூட்டைப் பிடித்தபடி செயலி பின்னணிக்குப் போய் இடைநிறுத்தப்படும் தருணத்தில், இயங்குதளமே அச்செயலியை முடித்துவிடும். சேவையகத்தோடு பேசி முடித்துவிட்டு, அதன் பிறகே பரிவர்த்தனையைத் திறப்பது எந்தத் தளத்திலும் பாதுகாப்பானது.

எங்கள் படிவங்களின் கதைக்குத் திரும்புகிறேன். முதலில் தோன்றிய தீர்வு, எழுதி முடியும்வரை பின்செல்லும் பொத்தானைத் தடுத்துவைப்பது. அதை நான் ஏற்கவில்லை. நம் நிரலின் குறைக்காகப் பணியாளரைக் காக்கவைக்க நமக்கு உரிமையில்லை. கோரூட்டீன்களுக்கு, செயலியின் ஆயுளோடு பிணைந்த தனி எல்லை ஒன்றை உருவாக்கி, எழுதும் பணிகள் அனைத்தையும் அதற்கு மாற்றினோம். திரை இனி ஒரு கோரிக்கையை ஒப்படைக்கும், விடையைக் கவனிக்கும், இடையில் போய்விட்டாலும் எழுதுவது தொடரும். அதோடு வேலையின் வரிசையையும் மாற்றினோம். முதலில் படிவத்தின் எழுத்து விவரங்களும் மூலப் படத்தின் இருப்பிடமும் தரவுத்தளத்தில் ஏறிவிடும், சுருக்கும் வேலை அதன் பிறகு நடக்கும். ஏனெனில் செயலியின் ஆயுளும் நிலையானதல்ல, நினைவகம் குறைந்தால் இயங்குதளம் அதை எப்போது வேண்டுமானாலும் மூடலாம். சுருக்குவதையும் சேவையகத்துக்கு அனுப்புவதையும் ஆண்ட்ராய்டின் பின்னணிப் பணி நூலகமான வொர்க்மேனேஜரிடம் ஒப்படைத்தோம், செயலி மூடப்பட்டாலும் அந்தப் பணிகள் பிறகு தொடரும். ஒவ்வொரு படிவத்துக்கும் திரை திறக்கும்போதே தனித்த அடையாளக் குறி உருவாக்கி, அதையே, இரண்டு வரிகளில் வர முடியாத முதன்மைச் சாவியாக வைத்தோம். ஆகவே பொத்தான் இருமுறை அழுத்தப்பட்டாலும் இரண்டாவது வரி சேராது.

ஃபிளட்டர் என்னும் செயலி உருவாக்கும் கருவித்தொகுப்பில் எழுதுவோருக்கு இதன் மறுபக்கம் காத்திருக்கிறது. அதன் டார்ட் மொழியில் தொடங்கிவிட்ட ஃபியூச்சர் (பின்னர் விடை தரும் பணி), திரை மூடப்பட்டதால் ரத்தாவதில்லை. எழுதுவது நடந்துவிடும், ஆனால் அது முடிந்து திரும்பும்போது திரை அங்கே இருக்காது. திரை இன்னும் இணைந்திருக்கிறதா என்று பார்க்காமல் அதன் நிலையை மாற்ற முயன்றால் பிழை எழும். காத்திருக்காமல் விட்டுவிட்ட அழைப்பு தோற்றால், அந்தத் தோல்வி சேமி பொத்தானுக்குரிய பிழை கையாளும் பகுதிக்கு வந்துசேராது.

தோல்வியைப் பற்றி நான் மிகவும் வருந்தும் ஒன்று உண்டு. பொத்தானைத் தொட்டவுடன், பரிவர்த்தனை உறுதியாவதற்கு முன்பே, "சேமிக்கப்பட்டது" என்று காட்டும் செயலிகள் இன்னும் வருகின்றன. சேமிப்பகம் நிரம்பியிருந்தால் எழுதுவது தோற்கும், பயனரோ நிம்மதியாகப் போய்விடுவார். அந்தச் சொல்லைத் திரையில் காட்டும் உரிமை, உறுதிசெய்தல் வெற்றி பெற்றுத் திரும்பிய பிறகே நமக்கு வருகிறது. அதுவரை "சேமிக்கிறது" என்று சொல்லலாம், அது உண்மை. எல்லாப் பிழைகளையும் ஒரே வலையில் பிடித்து மௌனமாக்கும் நிரலையும் களைந்துவிட வேண்டும். கோட்லினில் அத்தகைய வலை ரத்துச் செய்தியையும் சேர்த்து விழுங்கிவிடும், அப்போது நின்றிருக்க வேண்டிய கோரூட்டீன் நிற்காமல் ஓடும். ரத்துச் செய்தியைப் பிடித்தால் அதைத் திரும்ப எழுப்புவது கட்டாயம்.

இந்தக் கோளாறுகள் எதுவும் வேகமான கைபேசியில் தாமாக வெளிவருவதில்லை. ஆகவே எங்கள் சோதனைப் பதிப்பில், தரவுத்தளத்தை அணுகும் அடுக்கில் ஒவ்வொரு அழைப்புக்கும் 2 நொடித் தாமதத்தைச் செயற்கையாகச் சேர்த்தோம். உருவாக்குநர் அமைப்புகளில், பயனர் விலகியதும் திரைகளை உடனே அழிக்கும் தெரிவையும் இயக்கிவைத்தோம். பிறகு களப்பணியாளர் செய்ததையே செய்தோம்: சேமி, உடனே பின்செல், கைபேசியைக் கிடைமட்டமாகத் திருப்பு, பொத்தானை இருமுறை தொடு. முதல் நாளிலேயே, யாரும் இதுவரை புகார் சொல்லாத மூன்று திரைகளில் தரவு காணாமல் போவதைக் கண்டோம். அந்த மூன்றையும் திருத்திய பிறகு, முன்பு எங்களுக்குச் செய்துகாட்டிய பணியாளரிடம் புதிய பதிப்பை முதலில் கொடுத்து, நாங்கள் முன்பு சொன்ன பதிலுக்காக மன்னிப்பும் கேட்டோம்.