சட்டத்துக்குள் நகரும் பலகை

விக்டோரியா காலத்துச் சைடுபோர்டின் (சாப்பாட்டு அறையில் பாத்திரங்கள் வைக்கும் தாழ்ந்த அலமாரி) முகப்பை அகலமான ஒரே பலகையில் செதுக்காமல் ஏன் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்தார்கள், அது அலங்காரத்துக்காகத்தானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விடைக்கு புரூஸ் டால்பர்ட் உதவுவார். 1838இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் பிறந்து, மரச்செதுக்கு வேலை பயின்று, கட்டடக் கலைஞர்களிடம் பணியாற்றிய பின் மரச்சாமான் வடிவமைப்புக்கு வந்தவர். 1867 பாரிஸ் கண்காட்சியில் ஹாலண்ட் அண்ட் சன்ஸ் என்ற மரச்சாமான் நிறுவனம் வைத்த சாமான்கள் சில அவர் வடிவமைத்தவை. பசையை நம்பாமல், இடைக்காலத் தச்சர்களைப் போலத் ஒரு சட்டத்தின் துளையில் மற்றதன் முனையில் செதுக்கிய நாக்கைச் செருகிச் சட்டங்களைப் பூட்ட வேண்டும், செதுக்கல் ஆழமின்றி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அழகியல் போலத் தோன்றும் இந்தக் கட்சிக்கு அடியில் இருப்பது நீர். அறுத்துக் காயவைத்த மரமும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. செல்சுவரின் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் கிடக்கின்றன. அவற்றின் நடுவே புகும் நீர் மூலக்கூறுகள் அவற்றிலுள்ள, நீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு இழைகளைப் பக்கவாட்டில் விலக்குகின்றனவே தவிர, இழையை நீட்டிவிட அவற்றால் முடிவதில்லை. எனவே பலகை அகலத்தில் உப்பும், நீளத்தில் ஏறக்குறைய அசையாது. அகலத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு: ஓக் மரத்தில் ஆண்டு வளையங்களின் போக்கில் நிகழும் மாற்றம், மையத்திலிருந்து வெளிநோக்கி, அதாவது ஆரப் போக்கில், நிகழ்வதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. 40 செ.மீ. அகலப் பலகையின் ஈரப்பதம் 12 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தால், வளையப் போக்கில் அது சுமார் 6 மி.மீ. சுருங்கும், ஆரப் போக்கில் அறுத்திருந்தால் சுமார் 3 மி.மீ.தான்.

அந்தப் பலகையை நாற்புறமும் ஒட்டிவிட்டால், நீளவாக்கில் அசையாத குறுக்குச் சட்டங்கள் அதைச் சுருங்க விடாது. பலகை பிளந்தே தீரும். மாறாக, சட்டத்தின் உள்விளிம்பில் காடி (நீண்ட பள்ளம்) எடுத்து, பசையின்றிப் பலகையைச் செருகினால் அது விருப்பம்போல் நகரும். 40 செ.மீ. அகலத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் நகர்வும் 1.5 மி.மீ.க்குள் அடங்கி, காடியிலேயே மறைந்துவிடும். எனக்கு இந்தக் கணக்கு எந்தச் செதுக்கலையும்விட அழகாகப் படுகிறது.

வறண்ட காலத்தில் பழைய சைடுபோர்டின் கட்டங்களை உற்றுப் பாருங்கள்: மெருகு படாத வெளிறிய கோடொன்று பலகையின் ஓரத்தில் தெரியலாம், அது காடிக்குள் மறைந்திருந்த பகுதி. இரவில் அலமாரி ‘டக்’கென்று சத்தமிடுவதும் பெரும்பாலும் மரம் உப்பிச் சுருங்கும்போது சேரும் இறுக்கம் விடுபடுவதால்தான், பேய்க்கு அங்கே வேலை இல்லை. அறிந்தே செய்யப்படும் தீங்குபோல் என்னை எரிச்சலூட்டுவது வேறொன்று: பலகை ஆடுகிறதே என்று பழுதுபார்க்க வருபவர் காடிக்குள் பசையை ஊற்றிவிடுகிறார், அதிக வெப்பமோ குளிர்சாதனமோ அறையை உலர்த்தும்போது, அதுவரை முழுதாக இருந்த செதுக்கலின் நடுவே பிளவு ஓடுகிறது.