மதம் சாராதவர் எல்லாம் நாத்திகரா?

'நாத்திகர்கள் பெருகுகிறார்கள்' என்று இன்னொரு மொழிபெயர்ப்புக் கட்டுரை. மூலத்தில் இருப்பது 'நான்-ரிலிஜியஸ்', அதாவது உங்கள் மதம் எது என்ற கேள்விக்கு 'எதுவுமில்லை' என்று குறித்தவர். கடவுள் உண்டா இல்லையா என்று அந்தக் கேள்வியில் யாரும் கேட்கவே இல்லையே!

நாத்திகம், 'இல்லை' என்று பொருள்படும் 'நாஸ்தி'யிலிருந்து வந்த வடசொல். பழைய வழக்கில் வேதத்தை ஏற்காத சமணரும் பௌத்தரும்கூட நாஸ்திகர்கள். மதம் உள்ளவர்களையும் சுட்டிய சொல்லை மதம் இல்லாதவர்களுக்கு மாட்டிவிட்டோம், சரி, போகட்டும். ஆனால் அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023-இல் கேட்டபோது மதம் சாராதவர்கள் 28%, அவர்களில் தம்மை நாத்திகர் என்று சொன்னவர்கள் 17% மட்டுமே. மிச்சப் பேரை என்ன செய்வதாம்?

'மதச்சார்பற்றவர்' என்று எழுதுகிறவர்கள் இன்னும் மோசம். சார்பு என்றால் பக்கம் சாய்தல், அது அரசுக்கும் கொள்கைக்கும் உரிய அடைமொழி. நாள் தவறாமல் தொழுகிறவரும் மதச்சார்பற்றவராக இருக்கலாம், இருக்கிறார்கள். 'மதமிலி' என்றும் ஒன்று உலவுகிறது. ஏதிலி, போக்கிலி வரிசையில் எதையோ பறிகொடுத்தவர் போலத் தொனிக்கிறது, போதாக்குறைக்கு யானைக்கு மதம் இறங்கிய நினைவு வேறு. இவர்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'nones' ('எதுவுமில்லை' என்றவர்கள்) என்பதை ஒலிபெயர்த்து 'நன்ஸ்' என்று போட்டால் கன்னியாஸ்திரிகள் வந்து நிற்பார்கள்!

கட்சி சாராதவர் என்று சொல்கிறோம் இல்லையா, அதே போல் 'மதம் சாராதவர்' போதும். எதிலும் உறுப்பினர் இல்லை என்று மட்டும் சொல்கிறது, மனதுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

இது வெறும் சொற்சண்டை இல்லை, குடிமக்களின் உரிமையோடு ஒட்டியது. 1880-இல் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான சார்லஸ் பிராட்லா வெளிப்படையான நாத்திகர், கடவுள் பெயரால் ஆணையிட வேண்டிய உறுதிமொழிச் சிக்கலில் இருக்கையில் முறைப்படி அமர 1886 ஆயிற்று. 1888 சட்டம் கடவுள் பெயர் சொல்லாமல் உறுதி கூற இரண்டு காரணங்களை ஏற்றது: மத நம்பிக்கை இல்லாமை, அல்லது ஆணையிடுவதை மதமே தடுப்பது. ஆக, ஆணையிட மறுப்பவர் பக்திமானாகவும் இருக்கலாம் என்று அந்தக் காலச் சட்டத்துக்கே தெரிந்திருந்தது, நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லைத் தாண்ட நேரமில்லை.

இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் மதம் சாராதவர்கள் 2011-இல் 25.2%, 2021-இல் 37.2%. அந்தக் கேள்விக்கு விடையே எழுதாதவர்கள் தனியாக 6%. அவர்கள் 'மதம் குறிப்பிடாதவர்கள்', தயவுசெய்து அவர்களையும் நாத்திகர் ஆக்கிவிடாதீர்கள்.