போதும் என்றும் சொல்லும் தாகம்

தாகம் எடுத்துவிட்டாலே உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். அதை நம்பி, தாகமே இல்லாதபோதும் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் தாகம் அவ்வளவு தாமதமாக வருவதில்லை. ரத்தத்தில் சோடியம் முதலானவற்றின் செறிவு 1 அல்லது 2 சதவீதம் ஏறினாலே தாகம் எட்டிப் பார்த்துவிடும். நீரிழப்பு என்று கவலைப்பட வேண்டிய கட்டம் அதற்கு அப்புறம்தான், ஏறக்குறைய 5 சதவீதத்தில்.

இந்த அளவை எடுப்பது மூளை. ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் புகுந்துவிடாதபடி ஒரு தடுப்பு உண்டு. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸை ஒட்டிய ஓரிரு சிறு பகுதிகளில் மட்டும் அது அவ்வளவு இறுக்கமாக இல்லை. அங்கே உள்ள நரம்பணுக்கள், ரத்தத்தில் செறிவு கூடினால் தங்களிடமுள்ள நீரை இழந்து சுருங்குகின்றன. அந்தச் சுருக்கம்தான் தாகத்தின் தொடக்கம். அதற்குச் சற்று முன்பே வாசோபிரெசின் ஹார்மோன் சுரந்து, நீரை மிச்சம் பிடிக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லிவிடும்.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது, குடிப்பதை நிறுத்தும் விதம். குடித்த தண்ணீர் ரத்தத்தில் சரியாகக் கலக்கப் பத்து நிமிடமாவது ஆகும். தாகமோ ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடுகிறது! வாயும் தொண்டையும் எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்கு வைத்து முன்கூட்டியே மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. எலிகளின் தாக நரம்பணுக்கள் குடிக்கத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் அமைதியாவதை 2016இல் ஆய்வாளர்கள் நேரடியாகப் பதிவு செய்தார்கள். குடித்தது உப்புநீர் என்றால் குடல் அதைக் கண்டுபிடித்துவிடும். அந்த அணுக்கள் மறுபடி விழித்துக்கொள்ளும். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மனிதர்களிடம் நடந்த ஆய்வில், தாகம் தீர்ந்த பிறகும் குடித்தவர்களுக்கு விழுங்குவதே மூன்று மடங்கு சிரமமாகத் தோன்றியது. தொண்டை "இனி வேண்டாம்" என்கிறது. அதை மீறித்தான் நாம் குடிக்கிறோம்.

மீறினால் என்ன ஆகும்? பெரும்பாலும் கூடுதலாகச் சிறுநீர் போகும், அவ்வளவுதான். ஆனால் சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்றும். அதற்கு மேல் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தப் பரிசோதனை செய்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அவர்களில் பலர் அளவுக்கு மேல் குடித்ததால் ஓடும்போதே எடை கூடியிருந்தார்கள்.

நாளுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற கணக்குக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. 1945இல் அமெரிக்க உணவு வாரியம் ஒன்று நாளுக்கு 2.5 லிட்டர் என்று சொன்னபோது, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் சேர்த்தே எழுதியது.

ஆனால் வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடுகிறது. அவர்களுக்கு நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுப்பதுதான் சரி. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தாகத்துக்கு மேலும் குடிக்க வேண்டியிருக்கும். இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்த வேண்டியிருக்கும்.