பத்தரின் வெங்காரமும் பழைய எக்ஸ்பாக்ஸும்

2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டியைத் திறந்தால், சர்க்யூட் போர்டில் நான்கு நினைவகச் சில்லுகளுக்கான இடம் காலியாக இருக்கும். பெட்டியோடு வருவது 16 மெகாபைட் சில்லு நான்கு, மொத்தம் 64. கேம் எழுதுபவர்கள் பிழை தேடப் பயன்படுத்திய டெபக் பெட்டியிலோ 128. காலி இடத்தை நிரப்பினால் நமக்கும் 128 கிடைக்கும். (1.6 பதிப்பில் அந்த இடமே கிடையாது, பார்த்து வாங்குங்கள்.)

ஒரு சில்லுக்கு 100 கால். கால்களுக்கிடையே 0.65 மில்லிமீட்டர். ஒவ்வொன்றாகப் பற்றவைக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். அப்படிச் செய்யவும் வேண்டாம்.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு நகைப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். பொடி வைத்து ஊதுவதற்கு முன் பத்தர் வெங்காரம் (போராக்ஸ்) தடவுவார். சூடான உலோகத்தின் மேல் காற்று பட்டால் ஆக்சைடு படலம் படியும். அதன்மேல் பற்றாசு ஒட்டாது, முத்து முத்தாய் உருண்டுவிடும். உருகிய வெங்காரம் அந்தப் படலத்தைக் கரைத்து, காற்றையும் அண்டவிடாது. ஆனால் வெங்காரம் உருக 740 பாகைக்கு மேல் சூடு வேண்டும், போர்டு கருகிப்போகும். அதனால் இங்கே பைன் மரப் பிசின் கலந்த ஃப்ளக்ஸ். சிம் லிம் டவரில் ஊசிக்குழாயில் அடைத்து விற்கிறார்கள்.

ஃப்ளக்ஸ் தாராளமாக இருந்தால் மீதி வேலையைப் பரப்பு இழுவிசை பார்த்துக்கொள்ளும். 63/37 வெள்ளீய-காரீயக் கலவை 183 பாகையில் உருகும். சோல்டரிங் அயர்ன் நுனியில் ஒரு குமிழை ஏந்தி, கால்வரிசை மேல் மெதுவாக இழுக்க வேண்டும். சுத்தமான உலோகத்தில் ஈயம் பரவும். நடுவிலுள்ள பச்சைப் பூச்சில் நிற்காது. ஒவ்வொரு காலும் தன் பங்கை எடுத்துக்கொள்ள, மிச்சம் நுனியோடு நகரும்.

எனக்கு நான்காவது பக்கத்தில் இரண்டு கால் ஒட்டிக்கொண்டன. ஈயம் கூடிவிட்டது என்று நினைத்து, உறிஞ்சியெடுக்கும் செப்புப் பின்னலைத் தேடினேன். அதுவல்ல காரணம், ஃப்ளக்ஸ் கருகித் தீர்ந்திருந்தது. இன்னொரு சொட்டு விட்டு, துடைத்த நுனியால் தொட்டதும் பாலம் சட்டென்று பிரிந்தது.

தரை இணைப்புக் கால்கள்தான் படுத்தும். அடியிலுள்ள அகலமான தாமிரத் தகடு சூட்டை இழுத்துக்கொள்வதால் நுனியை ஓரிரு விநாடி கூடுதலாக வைக்க வேண்டும். அப்புறம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். காலடியில் ஈயம் சரிவாகப் படிந்திருந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஒட்டவே இல்லை.

கடையில் விற்ற கேம்கள் இந்தக் கூடுதல் நினைவகத்தைத் தொடாது. திருத்திய பயாஸை, அதாவது பெட்டியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளை, ஏற்றி, ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள்களை ஓட்டும்போதுதான் அது வேலைக்கு வரும்.